இரத்தம் எதற்குச் சாட்சி? அரிவாள் அணுவும் இயற்கைத் தேர்வும்

1

பரிணாமம் என்று பேச்செடுத்தால் நம் கூட்டங்களில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்து விழும். ஒன்று, ‘வலுத்தவன் பிழைப்பான், இளைத்தவன் சாவான், அதானே டார்வின் சொன்னது?’ இன்னொன்று, ‘குரங்கு மனுசனா மாறினதை யார் கண்ணால பார்த்தது?’ முதல் வாக்கியத்தைச் சொல்பவர் பெரும்பாலும் டார்வினை ஏற்றுக்கொண்டவர். இரண்டாவதைக் கேட்பவர் மறுப்பவர். ஆனால் இயற்கைத் தேர்வு எப்படி நடக்கிறது, அதற்கு என்ன சாட்சி என்கிற இடத்துக்கு இருவருமே வந்து சேர்வதில்லை.

முதலாமவரின் கோளாறு ஒரு சொல்லில் இருக்கிறது. ‘தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும்’ என்கிற தொடரை ஆக்கியவர் டார்வின் அல்ல. ஹெர்பர்ட் ஸ்பென்சர், 1864இல். ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் ஐந்தாம் பதிப்பில் (1869) டார்வின் அதை எடுத்துச் சேர்த்துக்கொண்டார். சேர்த்த நாளிலிருந்து அது அவருடைய கழுத்தில் தொங்குகிறது. தமிழில் ‘தகுதி’ என்ற சொல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1990இல் மண்டல் பரிந்துரைகளுக்கு எதிராக வீதிக்கு வந்தவர்கள் தூக்கிப் பிடித்த சொல்லும் இதுதான்: தகுதி, திறமை. ஆளுக்குள்ளேயே, பிறப்பிலேயே, இரத்தத்திலேயே ஊறிக்கிடக்கும் ஒரு சாரம் என்பதாகத்தான் அந்தச் சொல்லாடலில் தகுதி புழங்கியது. பரிணாமம் பற்றிப் படிக்கும்போதும் நாம் இந்தத் தகுதியைத்தான் உள்ளே கொண்டுபோகிறோம்.

உயிரியலில் தகுதி என்பது அப்படி ஒரு சாரம் அல்ல. அது ஓர் உறவு. இந்த உடல், இந்த இடத்தில், இந்தக் காலத்தில், எத்தனை பிள்ளைகளை வளர்த்து விட்டுப் போகிறது என்கிற கணக்கு, அவ்வளவுதான். இடம் மாறினால் தகுதி மாறும். காலம் மாறினாலும் மாறும். இதைச் சொல்வது எளிது. காட்டுவதற்கு ஒரு நிகழ்வு வேண்டும். மனித உடம்பிலேயே நடந்த, இன்னும் நடந்துகொண்டிருக்கிற, ஆவணங்கள் உள்ள ஒரு நிகழ்வு நம் கையில் இருக்கிறது. அதற்கும் நீலகிரிக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. ஒரே இரத்தத்தை இரண்டு விதமாக வாசித்தவர்களின் கதை அது. ஒரு வாசிப்பு இரத்தத்தில் ‘இனத்தை’ப் பார்த்தது. மற்றது இடத்தைப் பார்த்தது. எந்த வாசிப்பு வென்றது, எது வென்றும் தோற்றது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

2

1904 டிசம்பரில் சிகாகோவின் பிரஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் ஒரு மாணவர் சேர்க்கப்பட்டார். பெயர் வால்டர் கிளெமென்ட் நோயல். கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த கறுப்பின இளைஞர், வயது இருபது. இருமல், மூச்சிரைப்பு, சோகை. பயிற்சி மருத்துவராக இருந்த எர்னஸ்ட் ஐயன்ஸ் இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் சில நீண்டு வளைந்து, கதிர் அறுக்கும் அரிவாள் மாதிரிக் கிடந்தன. மூத்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இதை 1910இல் கட்டுரையாக வெளியிட்டார். நோயல் படிப்பை முடித்து ஊர் திரும்பி, கிரெனடாவின் தலைநகரான செயின்ட் ஜார்ஜஸில் பல் மருத்துவராக வேலை பார்த்து, 1916இல் இறந்துபோனார். 32 வயது. மருத்துவ வரலாறு ஹெரிக்கின் பெயரை வைத்துக்கொண்டது.

1922இல் இந்நோய்க்கு ‘அரிவாள் அணுச் சோகை’ என்று பெயர் வந்தது. அதற்குள் வெளியாகியிருந்த சில நோயாளிகளும் கறுப்பர்கள். உடனே இது ‘கறுப்பர் நோய்’ ஆகிவிட்டது. 1929இல் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் இதே அணுக்களைக் கண்டு எழுதினார்கள். வெள்ளையர் உடம்பில் இது தென்பட்டபோதெல்லாம் அமெரிக்க மருத்துவ எழுத்தில் கிளம்பிய கேள்வி என்ன தெரியுமா? இவர்களுடைய முன்னோரில் கறுப்பர் யாராவது இருந்திருப்பார்களோ என்பதுதான். ஒரு துளி கறுப்பு இரத்தம் இருந்தாலும் ஆள் கறுப்பர் என்று சட்டம் போட்டிருந்த மாநிலங்களைக் கொண்ட நாடு அது. நோய் இருந்தால் கறுப்பு இரத்தம் இருக்கணும். கறுப்பு இரத்தம் இருந்தால் நோய் வரும். வட்டத்துக்குள் சுற்றுகிற தர்க்கம். எந்தப் புதிய சான்றும் இந்த வட்டத்தை உடைக்க முடியாது. ஒவ்வொரு சான்றையும் அது தின்றுவிடும்.

1949இல் இரண்டு முக்கியமான விஷயங்கள் தெளிவாகின. ஜேம்ஸ் நீல் அமெரிக்காவிலும், ஈ.ஏ. பீட் வட ரொடீசியாவிலும் தனித்தனியாகக் கண்டது: அரிவாள் ஜீன் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஆள் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். முன்னவரை ‘இரட்டை அரிவாள்காரர்’ என்றும் பின்னவரை ‘ஒற்றை அரிவாள்காரர்’ என்றும் இங்கே சொல்லிக்கொள்வோம். அதே ஆண்டு லைனஸ் பாலிங்கும் கூட்டாளிகளும் இந்நோயின் வேர் ஹீமோகுளோபின் என்கிற புரதத்திலேயே இருக்கிறது என்று காட்டி, இதை ‘மூலக்கூறு நோய்’ என்றார்கள். பின்னால் 1957இல் வெர்னன் இங்கிரம் அந்த வேறுபாட்டை ஒரே ஒரு புள்ளிக்குக் கொண்டுவந்தார். பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உண்டு. அதில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். மரபணுவின் மொழியில் சொன்னால் ஓர் எழுத்துப் பிழை.

பிழை என்று எழுதிவிட்டோம். இந்தச் சொல்லைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

3

1949க்குப் பிறகு ஒரு புதிர் துருத்திக்கொண்டு நின்றது. இரட்டை அரிவாள் குழந்தைகள் மருத்துவ வசதி இல்லாத இடங்களில் பெரும்பாலும் சிறுவயதிலேயே இறந்துபோகின்றன. ஒவ்வொரு சாவும் இரண்டு அரிவாள் ஜீன்களை மண்ணுக்குள் கொண்டுபோகிறது. அப்படியானால் இந்த ஜீன் தேய்ந்து போயிருக்க வேண்டாமா? கிழக்கு ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் ஐந்து பேருக்கு ஒருவர் ஒற்றை அரிவாள்காரராக இருப்பது எப்படி?

இந்த இடத்தில்தான் இரண்டு வாசிப்புகள் பிரிகின்றன.

ஹெர்மன் லேமன் ஜெர்மனியில் பிறந்த யூதர். 1936இல் இங்கிலாந்துக்கு வந்தவர். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக இந்தியாவில் இருந்தவர். பிறகு உகாண்டாவில் வேலை பார்த்தார். 1949இல் உகாண்டாவின் பல சமூகங்களிடையே அரிவாள் ஜீனின் பரவலை அளந்து, அதில் ‘இனவரைவியல் முக்கியத்துவம்’ தேடினார். 1952இல் மேரி கட்புஷுடன் சேர்ந்து நீலகிரி மக்களின் இரத்தத்தைச் சோதித்தார். இருளர், குறும்பர், பணியர் ஆகியோரிடம் அரிவாள் ஜீன் அதிகமாகக் கிடைத்தது. இந்தியாவில் முதல்முறையாகக் கண்டு எழுதப்பட்ட நிகழ்வுகளில் ஒன்று இது. அதே ஆண்டில் மேல் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டு எழுதினார்கள். தேயிலைக்காகக் காலனிய ஆட்சியில் வேறு நிலங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட சமூகங்கள் அவை.

லேமன் தன் நீலகிரித் தரவுகளை எப்படி வாசித்தார்? ஆப்பிரிக்காவில் இருக்கிறது, தென்னிந்தியப் பழங்குடிகளிடமும் இருக்கிறது. ஆகவே இரு பகுதியாரையும் இணைக்கும் ஒரு பழைய மக்கள் திரள் இருந்திருக்க வேண்டும். அந்தத் திரளுக்கு அக்கால மானுடவியலில் தயாராக ஒரு பெயர் இருந்தது: ‘வெட்டாயிட்’. இலங்கையின் வேடர்கள் பெயரை வைத்து ஐரோப்பியர் செய்த இனப்பெட்டி அது. அரேபியாவில் தோன்றிய ஜீன் ஒரு பக்கம் இந்தியாவுக்கும் இன்னொரு பக்கம் ஆப்பிரிக்காவுக்கும் ஆட்களோடு நடந்து போனது என்பது அவருடைய கதையாடல். 1954இல் இதை விரிவாக எழுதினார். வெளியிட்ட இதழின் பெயரிலேயே ‘இன மேம்பாட்டியல்’ இருந்தது. நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஒருவர் இதை எழுதினார் என்பதைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்க வேண்டியதில்லை. இரத்தம் என்றாலே வம்சாவளி என்று நினைக்கும் பழக்கம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு அது அடையாளம்.

வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு வேடர்களின் இரத்தத்தையே சோதித்தபோது (அந்த 1963ஆம் ஆண்டுக் கட்டுரையில் லேமனும் ஓர் ஆசிரியர்) அரிவாள் ஹீமோகுளோபின் அங்கே இல்லை. வேறொரு வகையான ஹீமோகுளோபின் ‘ஈ’தான் இருந்தது. யார் பெயரில் பெட்டி செய்தார்களோ, அவர்களே அந்தப் பெட்டிக்குள் இல்லை.

இரண்டாவது வாசிப்பு அந்தோனி ஆலிசனுடையது. கென்யாவில் வளர்ந்தவர், ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவ மாணவர். 1949இல் கென்ய மலைக்குப் போன ஒரு பல்கலைக்கழகப் பயணக் குழுவில் சேர்ந்து, போகிற இடமெல்லாம் இரத்தம் சேகரித்தார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரியைச் சுற்றியும் ஒற்றை அரிவாள்காரர்கள் 20 சதவீதத்துக்கு மேல். நடுவில் உள்ள மேட்டு நிலத்தில் 1 சதவீதம்கூட இல்லை. மொழியை வைத்துப் பிரித்தாலும் குலத்தை வைத்துப் பிரித்தாலும் பொருந்தவில்லை. ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவர்களில் மேட்டில் இருப்பவர்களிடம் இல்லை. தாழ்வில் இருப்பவர்களிடம் இருக்கிறது. எதோடு பொருந்தியது? மலேரியாவோடு. கொசு இருக்கும் இடத்தில் அரிவாள். குளிர்ந்த மேட்டில், கொசு ஏறாத இடத்தில், அரிவாள் இல்லை.

இந்த யோசனை முழுக்க ஆலிசனுடையது என்றும் சொல்ல முடியாது. அரிவாள்காரர்களிடம் மலேரியா ஒட்டுண்ணி குறைவாக இருப்பதை பீட் 1946லேயே கவனித்திருந்தார். மத்தியதரைக் கடல் பகுதியில் தலசீமியா என்ற இன்னொரு இரத்தக் கோளாறு ஏன் அழியாமல் இருக்கிறது என்று யோசித்த ஜே.பி.எஸ். ஹால்டேன், ஒற்றைப் பிரதி உள்ளவர்களுக்கு மலேரியா எதிர்ப்பு இருக்கலாம் என்று 1948இல் ஸ்டாக்ஹோம் மரபியல் மாநாட்டில் சொல்லியிருந்தார். பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்த அதே ஹால்டேன்தான்.

4

ஊகம் வேறு, சான்று வேறு. ஆலிசன் 1954இல் வெளியிட்ட எண்களைப் பார்ப்போம். கம்பாலா அருகே 290 குழந்தைகள். ஒற்றை அரிவாள் குழந்தைகள் 43 பேரில் 12 பேரின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி, அதாவது 27.9 சதவீதம். அரிவாள் இல்லாத 247 பேரில் 113 பேரிடம், 45.7 சதவீதம். பிறகு லுவோ சமூகத்தைச் சேர்ந்த 30 ஆண்களுக்கு மலேரியாவை வேண்டுமென்றே ஏற்றினார். பாதிப் பேர் ஒற்றை அரிவாள்காரர்கள். அரிவாள் இல்லாத 15 பேரில் 14 பேருக்குத் தொற்று பிடித்தது. அரிவாள் உள்ள 15 பேரில் 2 பேருக்கு மட்டும்.

இந்த இரண்டாவது எண்களை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. அந்த 30 பேரும் ‘தன்விருப்பத்தில்’ வந்தவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள். காலனி ஆட்சிக்குக் கீழே வாழ்ந்த ஒருவருக்கு அந்தச் சொல்லின் பொருள் என்னவாக இருந்திருக்கும்? அந்த ஆண்களின் பெயர்கள் பாடநூல்களில் இல்லை. இனவாத வாசிப்பை உடைத்த சான்றும் இப்படித்தான் கிடைத்தது என்பதை மறைத்துவிட்டு அறிவியலைக் கொண்டாட முடியாது. அதற்காகச் சான்றைச் சான்று இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும்.

அடுத்துவந்த ஆண்டுகளில் சிலருடைய ஆய்வுகளில் இந்த வேறுபாடு தெளிவாக வரவில்லை. காரணம் பிறகு புரிந்தது. மலேரியா ஊரில் வளர்ந்த பெரியவருக்கு எப்படியும் கொஞ்சம் எதிர்ப்பு வந்துவிடுகிறது. தேர்வு நடப்பது குழந்தைப் பருவத்தில். கென்யக் கடற்கரையில் கிலிஃபியில் நடந்த நீண்ட கால ஆய்வு (2005) இதை அறுதியிட்டது. ஒற்றை அரிவாள் இலேசான மலேரியாவிலிருந்து ஏறத்தாழ 50 சதவீதப் பாதுகாப்பும், உயிருக்கு உலை வைக்கும் கடும் மலேரியாவிலிருந்து ஏறத்தாழ 90 சதவீதப் பாதுகாப்பும் தருகிறது. எப்படி? லூசியோ லூசாட்டோவும் கூட்டாளிகளும் இபாதானில் 1970இல் காட்டிய ஒரு வழி இது: ஒட்டுண்ணி புகுந்த அணு எளிதில் அரிவாளாக வளைந்துகொள்கிறது; வளைந்த அணுவை மண்ணீரல் ஒட்டுண்ணியோடு சேர்த்து அப்புறப்படுத்திவிடுகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல்தான். ஓர் ஊரில் நூறு குழந்தைகள் பிறக்கின்றன. ஊரில் உள்ள ஜீன் பிரதிகளில் பத்தில் ஒன்று அரிவாள். தற்செயலாகச் சேர்ந்தால் 81 குழந்தைகள் அரிவாள் இல்லாதவை. 18 ஒற்றை அரிவாள். 1 இரட்டை அரிவாள். அந்த ஒரு குழந்தை பிழைக்காது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் மலேரியா இல்லை என்றால் மிச்சம் 99 பேர், 198 பிரதிகள். அதில் அரிவாள் 18. பத்து சதவீதம் ஒன்பதாக இறங்கிவிட்டது. இப்படியே போனால் பத்துத் தலைமுறையில் பாதியாகிவிடும்.

இப்போது மலேரியாவை உள்ளே விடுவோம். அரிவாள் இல்லாத 81 குழந்தைகளில் 9 காய்ச்சலில் சாகின்றன. மிச்சம் 72. ஒற்றை அரிவாள் 18ம் தப்பித்துக்கொள்கின்றன. மொத்தம் 90 பேர், 180 பிரதிகள், அரிவாள் 18. மறுபடியும் பத்து சதவீதம்! அடுத்த தலைமுறையிலும் அதுவே. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. யாரும் திட்டமிடவில்லை, எந்த அணுவும் எதையும் விரும்பவில்லை. சாவும் பிறப்பும் தராசின் இரு தட்டுகளில் வந்து நிற்கின்றன. புதிருக்கு விடை இதுதான். இதுதான் இயற்கைத் தேர்வு.

கணக்கை இன்னும் ஒரு படி தள்ளிப் பாருங்கள். இந்த ஊரில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகள் செத்தன: ஒன்பது காய்ச்சலில், ஒன்று சோகையில். அரிவாள் ஜீனே இல்லாத ஊராக இருந்திருந்தால்? அதே விகிதத்தில் நூற்றுக்குப் பதினொன்று செத்திருக்கும். ஆக, இந்த ஜீன் ஊருக்குச் செய்த நன்மை நூற்றில் ஒரு குழந்தை. அந்த ஒன்றுக்காக இன்னொரு வீட்டுக் குழந்தை வலியில் துடித்துச் செத்தது. ‘இயற்கை எல்லாவற்றையும் நல்லபடியாக அமைத்து வைத்திருக்கிறது’ என்பவர்களும், ‘இயற்கை வலுத்தவனைத் தேர்ந்தெடுக்கிறது’ என்பவர்களும் இந்தக் கணக்கின் முன்னால் வந்து நிற்கட்டும். இதில் வலுத்தவர் யார்? ‘தகுதி’ எந்த உடம்பில் இருக்கிறது? ஒரே பிரதி ஓர் உடம்பில் காவல்; இன்னோர் உடம்பில் கொலை. ஒரே உடம்பு ஏரிக்கரையில் பாதுகாப்பானது. மலை உச்சியில் அதற்கு எந்தச் சலுகையும் இல்லை. பத்திரமாக வைத்திருந்த அந்தப் ‘பிழை’ என்ற சொல்லை இப்போது எடுத்துப் பாருங்கள். எங்கே, யாருக்கு என்று கேட்காமல் பிழை எது என்று சொல்ல முடியவில்லை.

5

இனி ‘இடம்’ என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட முடியாது. இடமும் வரலாற்றில் உருவாவதுதான். 1958இல் ஃப்ராங்க் லிவிங்ஸ்டன் மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதியது இதைத்தான். மலேரியாவைக் கொண்டுவரும் முக்கியக் கொசு ‘அனாஃபிலஸ் காம்பியே’ அடர்ந்த காட்டின் நிழலில் பெருகுவதில்லை. வெயில் படும் தேங்கிய நீரில் பெருகும். காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்யத் தொடங்கியபோது வெயில் படும் குட்டைகள் வந்தன. மனிதர்கள் ஒரே இடத்தில் நெருங்கி வாழ்ந்தார்கள். கொசு வந்தது, காய்ச்சல் நிலைத்தது, அரிவாள் ஜீனுக்கு ‘தகுதி’ வந்தது. விவசாயம் என்கிற சமூக நடவடிக்கை இரத்தத்தின் மூலக்கூறு வரைக்கும் போய் எழுதியிருக்கிறது. இயற்கை ஒரு பக்கம், சமூகம் ஒரு பக்கம் என்று கோடு கிழித்து வாதம் செய்யும் நண்பர்கள் இந்த இடத்தில் கோட்டை எங்கே கிழிப்பார்கள் என்று தெரியவில்லை. மனித இனங்கள் என்ற பகுப்புக்கே உயிரியலில் இடமில்லை, பண்புகள் நிலப்பரப்பில் சரிவு சரிவாகத்தான் மாறுகின்றன என்று லிவிங்ஸ்டன் 1962இல் வாதாடினார். அந்த வாதத்தின் பின்னால் இந்த ஆய்வு இருக்கிறது.

இதே கண்ணோடு நீலகிரிக்குத் திரும்புவோம். லேமன் பார்த்த அதே மலை. தாழ்ந்த சரிவுகளிலும் வயநாடு, கூடலூர்ப் பக்கத்துக் காடுகளிலும் வாழ்ந்தவர்களிடம் அரிவாள் அதிகம். அந்தக் காட்டுக் காய்ச்சல் காலனி ஆட்சிக்காலம் முழுக்கப் பெயர்பெற்றது. உதகைப் பக்கம் குளிர்ந்த மேட்டில் வாழும் தோடர்களிடம் மிகக் குறைவு. கென்யாவில் ஆலிசன் கண்ட ஏற்ற இறக்கம் இங்கேயும் தெரிகிறது. அகமணமும் சேர்ந்து ஒவ்வொரு குழுவிலும் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் இருக்கும் என்பதை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் ‘ஆதி இனம்’ என்ற பெட்டி இல்லாமலேயே அந்தத் தரவுகளைப் பெருமளவுக்குப் புரிந்துகொள்ள முடியும்.

லேமன் சொன்னது முழுக்கப் பொய்யா? அப்படியும் இல்லை. 1980களில் அரிவாள் ஜீனைச் சுற்றியுள்ள மரபணுப் பகுதிகளை ஒப்பிட்டார்கள். இந்தியாவில் உள்ளதும் கிழக்கு அரேபியாவில் உள்ளதும் ஒரே வகை; ஆப்பிரிக்காவில் உள்ளவை வேறு சில வகைகள். அதாவது இந்த ஜீன் பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்க வேண்டும் என்றார்கள். 2018இல் முழு மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்த டேனியல் ஷ்ரைனரும் சார்ல்ஸ் ரோட்டிமியும் இல்லை, ஏறத்தாழ 7,300 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் ஒரே முறைதான் தோன்றியது என்று வாதிட்டார்கள். எது சரியாக இருந்தாலும், ஒரு ஜீன் எங்கே பிறந்து யாரோடு நடந்தது என்பது ஒரு கேள்வி. போன இடத்தில் ஏன் தங்கியது, ஏன் பெருகியது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு வம்சாவளி விடை சொல்லலாம். இரண்டாவதற்குக் காய்ச்சல்தான் விடை சொல்லும். இரண்டையும் ஒன்றாக்கியதுதான் இனவாத வாசிப்பின் பிழை.

‘யார் கண்ணால பார்த்தது?’ என்று கேட்டவருக்கும் ஒரு செய்தி. காம்பியாவிலும் கென்யாவிலும் கடும் மலேரியாவில் படுத்த குழந்தைகளை ஆராய்ந்து 2022இல் வெளியான முடிவு இது: அரிவாள் ஜீன் உள்ள குழந்தைகளையும் தாக்கக்கூடிய மரபணு வேறுபாடுகள் ஒட்டுண்ணியிடம் இருக்கின்றன. மனித இரத்தம் பூட்டு மாற்றினால் ஒட்டுண்ணி சாவியை மாற்றுகிறது. ஒரு பக்கத்தில் எண், இன்னொரு பக்கத்தில் வரைபடம், வேறொரு பக்கத்தில் மூலக்கூறு, இப்போது ஒட்டுண்ணியின் மரபணு. தனித்தனி வழியில் வந்த இத்தனை சாட்சிகள் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது அதைப் ‘வெறும் கோட்பாடு’ என்று ஒதுக்குவது எப்படி?

6

ஆக, அறிவியலில் இடத்தின் வாசிப்பு வென்றது. அரசாங்கங்களின் கையில் என்ன ஆனது?

அமெரிக்காவில் 1968இல் பாலிங், ஒற்றை அரிவாள்காரர்களின் நெற்றியில் பச்சை குத்திவிட்டால் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டு காதலிக்காமல் விலகிக்கொள்வார்கள் என்று யோசனை சொன்னார். அணுகுண்டுக்கு எதிராகப் போராடி அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். 1970களின் தொடக்கத்தில் சில மாநிலங்கள் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. 1972இல் தேசியச் சட்டம் வந்தது. நோயாளிக்கும் நலமாக இருக்கும் ஒற்றை அரிவாள்காரருக்கும் வித்தியாசம் தெரியாமலேயே வேலை, காப்பீடு எல்லாவற்றிலும் கறுப்பர்கள் ஒதுக்கப்பட்டார்கள். விமானப் படைப் பயிற்சிக் கழகம் 1981 வரை ஒற்றை அரிவாள்காரர்களைச் சேர்க்கவில்லை. கிரீஸில் ஓர்க்கோமெனோஸ் என்ற ஊரில் ஊரையே பரிசோதித்து, ஒற்றை அரிவாள்காரர்கள் தங்களுக்குள் மணம் செய்யாதிருக்க ஆலோசனை சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தால், அப்படிப்பட்ட திருமணங்கள் குறையவே இல்லை. ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் பலர் மறைத்துவிட்டார்கள். ஊருக்குள் புதிதாக ஒரு தீட்டு வந்ததுதான் மிச்சம்.

இந்தியாவில் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசம் ஷாடோலில் தேசிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்கள், 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை, 2047க்குள் ஒழிப்பு. பரிசோதித்தவர்களுக்கு அட்டை. திருமணத்துக்கு முன் அட்டைகளைப் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். பரிசோதனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குழந்தை பிறந்ததுமே தெரிந்தால் தடுப்பூசி, பென்சிலின், பிற்பாடு ஹைட்ராக்சியூரியா மாத்திரை என்று உயிரைக் காப்பாற்ற முடியும். பழங்குடிப் பகுதிகளுக்கு இது எப்போதோ போயிருக்க வேண்டிய மருத்துவம்.

ஆனால் ‘ஒழிப்பு’ என்ற சொல்லை நாம் போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒற்றை அரிவாள்காரர்கள் தங்களுக்குள் மணம் முடிக்காவிட்டால் இரட்டை அரிவாள் குழந்தை பிறக்காது, உண்மைதான். ஆனால் அரிவாள் ஜீன் அப்போது எங்கே சாகிறது? அது செத்துக்கொண்டிருந்தது இரட்டை அரிவாள் குழந்தைகளின் உடம்போடுதானே? அந்தக் குழந்தைகள் பிறக்காவிட்டால் ஜீன் அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகும். இதில் தவறில்லை. ஜீனை ஒழிப்பது நம் வேலையும் இல்லை. வலியைக் குறைப்பதுதான் வேலை. அட்டையை வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசத்தை யார் சொல்வது? ‘உன் இரத்தத்தில் குறை இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டால், நம் ஊரில் எந்தப் பக்கத்து அட்டையைக் காரணம் காட்டிக் கல்யாணம் நிற்கும் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பெண்ணுடைய அட்டையைத்தான். மத்திய இந்தியாவில் தலித்துகளிடமும் பிற்படுத்தப்பட்ட சாதிகளிடமும் காணப்படும் இந்த ஜீன், அரசாங்கப் பேச்சில் ‘பழங்குடி நோய்’ ஆகிவிட்டது. அமெரிக்காவில் ‘கறுப்பர் நோய்’ என்றது போலவே. அறிவியலில் தோற்ற வாசிப்பு ஆட்சிமொழியில் உயிரோடு இருக்கிறது.

அதே 2023இல்தான் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டது. பாடச்சுமை குறைப்பு என்றார்கள். 1800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுப்பவர்களுக்கு இருக்கிறதே என்றார்கள். பத்தோடு படிப்பை நிறுத்துகிறவர்கள், அதற்கு மேல் உயிரியல் எடுக்காதவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால் அந்தப் பதிலின் பொருள் விளங்கும். பழங்குடிப் பிள்ளைகளுக்காக ஒன்றிய அரசு திறந்த உண்டு உறைவிடப் பள்ளிகளில் பலவும் மத்தியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுபவை. அவற்றின் பெயர் ஏகலைவா பள்ளிகள். பெயர் வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ!

அந்த ஆண்டு அப்படியொரு பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் கையில் அட்டை வந்திருக்கும். அதில் ஒற்றை அரிவாள் என்று எழுதியிருக்கும். ‘எனக்கு ஏன் இது?’ என்று அவள் கேட்டிருப்பாள். அதற்கு விடை உண்டு. ‘உன் பாட்டிகளின் பாட்டிகள் காய்ச்சல் காட்டில் வாழ்ந்தார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளில் இது இருந்த பிள்ளைகள் அதிகம் பிழைத்தன. நீ அந்தப் பிள்ளைகளின் வழி வந்தவள். இது உன்னுடைய குறையும் இல்லை, உன் குலத்தின் முத்திரையும் இல்லை. இனி செய்ய வேண்டியது இன்னது.’ இந்த விடை இருந்த பாடத்தைக் கிழித்துவிட்டு அட்டையை மட்டும் கொடுத்தார்கள். அந்தப் பாடத்தைத் திரும்பக் கேட்பதும் மருத்துவம் கேட்பதைப் போலவே ஓர் உரிமைக் கோரிக்கைதான்.